பிடி கொடுத்துக் கதைக்க வேண்டும், தம்பி

மன்னாரிலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வந்து எட்டு மாதமான ஒரு தம்பியின் கேள்வி இது: "புது ஆட்களோட கதைக்கத் தொடங்கினா மூன்று கேள்வியோட முடிஞ்சிடுது. எந்த ஊர், எங்க வேலை, இப்ப எங்க இருக்கிறீங்க. அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் ஃபோனை எடுக்கிறம். கந்தோர்ச் சாப்பாட்டு மேசையிலயும் இதுதான், வெள்ளவத்தை போர்டிங்கில பக்கத்துக் கட்டில்காரரோடயும் இதுதான். வாற ஞாயிறு கூட வேலை செய்யிற அண்ணையின்ட கலியாணம் வேற. அங்க போய் என்ன கதைக்கிறது?"

தம்பி, அந்த மூன்று கேள்வியை மட்டும் கொண்டுபோனால் யாருடைய கதையும் மூன்றாவது நிமிடத்தில் படுத்துவிடும். நான் இதைச் சம்பளத்துக்குப் பார்த்தவள். சந்தை ஆய்வு வேலையில் 19 வருடம் இருந்தேன். கையில் படிவமும் தோளில் குடையுமாகக் கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளை வரை வீடு வீடாக ஏறி, என்ன சவர்க்காரம் பாவிக்கிறீர்கள், எந்தப் பால்மா, போன மாதம் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கும் வேலை. முன்பின் தெரியாத ஆளை வாசலில் வைத்து நாற்பது நிமிடம் கதைக்க வைக்காவிட்டால் அன்றைய கணக்கு ஏறாது. பிறகு புதுப் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பு வந்தபோதுதான், இதைப் பற்றி வெளிநாடுகளில் என்ன ஆராய்ந்திருக்கிறார்கள் என்று தேடி வாசித்தேன்.

ஊர், தொழில், இருப்பிடம் மூன்றும் எங்கள் படிவத்திலும் இருந்தன. ஆனால் பழகிய ஆட்கள் அந்தக் கட்டங்களைக் கடைசியில்தான் நிரப்புவார்கள். முதலே கேட்டால் வாசலில் நிற்கும் அம்மாவின் முகம் மாறும்; கதவு பாதி சாத்தும். ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம், சொன்னதும் கட்டம் நிறைந்துவிடும், அதற்குமேல் போக வழி இருக்காது. அது மட்டுமில்லை, விசாரணை மாதிரியும் இருக்கும்.

அதுவும் கொழும்பில். எந்த ஊர், ஏன் வந்தீர்கள், யார் வீட்டில் தங்கியிருக்கிறீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள். இவை சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நாங்கள் பதில் சொன்ன கேள்விகள். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்க லொட்ஜ்களில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு இது கேள்விப்பட்ட கதை. ஐம்பது வயதுக்காரருக்கு 'எங்க இருக்கிறீங்க' என்று கேட்டதும் முதுகு நிமிர்வது அதனால்தான்.

பதில் வரும் விதத்தையும் கவனியுங்கள். "ஹட்டன் பக்கம்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் 'பக்கம்' ஒரு திரை. தோட்டத்தின் பெயரை உங்களிடம் சொல்வதா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. "இப்ப புத்தளம், சொந்த இடம் யாழ்ப்பாணம்" என்று ஒரு முஸ்லிம் நண்பர் சொன்னால், அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் 1990 ஒக்டோபர் கிடக்கிறது. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட மாதம். அங்கே கிண்டவும் வேண்டாம், உடனே அனுதாபப் பிரசங்கம் வைக்கவும் வேண்டாம். "ஓ, அப்ப ரெண்டு ஊரும் தெரியும்" என்று சொல்லி விட்டுவிடுங்கள். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார். யாழ்ப்பாணத்தவரிடம் ஊர் கேட்டு, பள்ளிக்கூடம் கேட்டு, கோயில் கேட்டு, றோட்டுப் பெயர் வரை போகிறவர்களும் இருக்கிறார்கள். எதைத் தேடிப் போகிறார்கள் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். அந்த ஆட்களில் ஒருவராக உங்களை யாரும் நினைக்க இடம் வைக்காதீர்கள்.

ஊர்க் கதை வேண்டுமென்றால் நான் கேட்கும் கேள்வி இது: "ஊருக்குப் போறதெண்டா பஸ்ஸா, ரயிலா?" இதற்கு யாழ்தேவி என்றும் சொல்லலாம், இரவு பஸ் என்றும் சொல்லலாம், "எனக்கு ஊரே கொழும்புதான், போறதுக்கு இடமில்லை" என்று சிரிக்கவும் செய்யலாம். எவ்வளவு சொல்வது என்பது அவர் கையில். இரவு பஸ்ஸில் போகிறவரிடம் அந்த ஏசிக் குளிரைப் பற்றிக் கேட்டால் குறைந்தது பத்து நிமிடத்துக்குக் கதை இருக்கிறது.

இனி உங்கள் பக்கம். உங்களிடம் எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "மன்னார்" என்று சொல்லி நிறுத்துவீர்கள். பிடி கொடுக்காமல் பேசுகிறான் என்று ஒரு ஆளைப் பற்றிச் சொல்வோமே, அது இதுதான். கேட்டவர் பாவம், எதைப் பிடித்து ஏறுவார்? மன்னார்க் கருவாடு நல்லம் என்பார். ஓம் என்பீர்கள். அவ்வளவும்தான். அதையே "மன்னார். கழுதை றோட்டில நிண்டு பஸ்ஸை மறிக்கிற ஊர்" என்று சொல்லிப் பாருங்கள். கழுதையா, யாருடைய கழுதை, எங்கிருந்து வந்தது, பஸ்காரர் என்ன செய்வார் என்று அவருக்குக் கேட்க ஆயிரம் இருக்கும். பள்ளிமுனையில் நிற்கும் அந்தப் பருத்த பெருக்க மரத்தை (பாவோபாப்) சொன்னாலும் சரிதான், ஆனால் மரத்தைவிடக் கழுதை நல்லது. சிரிப்பு வரும்.

வாசலில் நான் பழகியதும் இதுதான். "வணக்கம், நாங்க ஒரு ஆய்வுக்காக வந்திருக்கிறம்" என்று தொடங்கினால் முக்கால்வாசிப் பேர் நேரமில்லை என்பார்கள். "கொட்டாஞ்சேனையில இருந்து ரெண்டு பஸ் மாறி வாறன் அக்கா, முதல் பஸ்ஸில செருப்பு வார் அறுந்திட்டுது" என்று தொடங்கிய நாளில் தண்ணீர் வந்தது, ஒரு ஊசி நூலும் வந்தது, படிவமும் நிறைந்தது. செருப்பு உண்மையிலேயே அறுந்துதான் இருந்தது. பொய்யாகச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே பிடிபட்டுப் போவோம். முதலில் உங்களில் ஒரு சின்னத் துண்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள். பெரிய துண்டு வேண்டாம். முதல் நாளே வீட்டுக் கடனையும் காதல் தோல்வியையும் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கும் பஸ் பிடிக்க அவசரம் வந்துவிடும்.

அடுத்தது கேள்வியின் அளவு. 'ஆம், இல்லை' என்று முடியாத பெரிய கேள்வியாகக் கேள் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். எனக்கு அதில் அரைவாசி உடன்பாடுதான். "இந்த வாஷிங் பவுடரைப் பற்றி என்ன நினைக்கிறீங்க?" என்று தெஹிவளையில் ஒரு அக்காவிடம் கேட்டேன். "பரவாயில்லை" என்றார். "வேற?" "வேற ஒண்டுமில்லை." பிறகு, "கடைசியா எப்ப அக்கா தோய்ச்சனீங்க?" என்று கேட்டேன். நேற்று. என்ன தோய்ச்சது? மகனின் பள்ளிக்கூட வெள்ளைச் சேர்ட். அதில் என்ன? நாவல்பழக் கறை. அவ்வளவுதான், திறந்துகொண்டது. மதிலேறி நாவல்பழம் பறித்த மகன், மதிலுக்குச் சொந்தக்காரருடன் வந்த சண்டை, தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்தும் போகாத கறை, அந்தச் சேர்ட்டோடு அடுத்த நாள் வகுப்புப் படம் எடுத்தது. எனக்கு வேண்டிய பவுடர் விஷயம் நடுவில் எங்கேயோ வந்து விழுந்தது.

'கடைசியா எப்ப', 'எத்தனை மணிக்கு', 'முதல் நாள் என்ன நடந்தது' போன்றவை சின்னக் கேள்விகள். யோசிக்கத் தேவையில்லை, ஞாபகப்படுத்தினால் போதும். "கொழும்பு வாழ்க்கை எப்படி?" என்று புதிதாக வந்தவரிடம் கேட்டால் அவர் அந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். "முதல் நாள் 100ஆம் நம்பர் பஸ்ஸில இறங்கவேண்டிய இடத்தில இறங்கினீங்களா?" என்று கேட்டால் கட்டாயம் ஒரு கதை இருக்கும். இறங்கியிருக்கவே மாட்டார்.

இனி, வந்த பதிலில் எதைப் பிடிப்பது? உங்கள் கந்தோர் மேசையையே எடுப்போம். எதிரில் இருப்பவர் பார்சலைப் பிரித்துக்கொண்டு சொல்கிறார்: "இண்டைக்கும் போஞ்சிதான். அம்மா ஊருக்குப் போயிட்டா, நான்தான் சமையல்."

நீங்கள் என்ன சொல்வீர்கள்? "ஓ, நீங்களே சமைப்பீங்களா, நல்லம்." அவர் ஓம் என்பார். முடிந்தது.

தமிழில் ஆட்கள் தங்கள் மனத்தை 'உம்'மிலும் 'தான்' என்பதிலும் ஒளித்து வைப்பார்கள். 'இண்டைக்கும்' என்றால் நேற்றும் போஞ்சி, முந்தாநாளும் போஞ்சி. 'நான்தான்' என்பதில் ஒரு மனக்குறை. அவர் உண்மையில் சொல்ல வந்தது அந்த இரண்டு ஒட்டுக்குள் இருக்கிறது. "எத்தனை நாளாப் போஞ்சி?" என்று கேளுங்கள். அவர் சிரிப்பார். "நாலு நாள். வேற ஒண்டும் சமைக்கத் தெரியாது" என்பார். இப்போது உங்களுக்குத் தெரிந்த ஒரு மீன் குழம்பைச் சொல்லலாம், அல்லது உங்களுக்கும் தெரியாது என்று ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவதுக்குத்தான் கதை நீளும்.

அவர் சொல்லத் தொடங்கிவிட்டால் உங்கள் வேலை உம் கொட்டுவது. அப்பாச்சி கதை சொல்லும்போது உம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும் அல்லவா, பெரியவர்களுக்கும் அதே விதிதான். "ம்", "அட", "பிறகு?" இதில் 'பிறகு' எனக்கு மிகப் பிடித்த கேள்வி, மலையகத்து நண்பர்களிடம் 'அப்புறம்?' ஆனால் 'வேற?' என்று மட்டும் வாய்தவறியும் கேட்காதீர்கள். தொலைபேசியில் 'சரி, வேற?' என்று வந்தால் அடுத்தது 'அப்ப வைக்கவா' என்று நம் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் கதையை வளர்க்க நினைத்து 'வேற?' என்கிறீர்கள், அவர் காதில் நீங்கள் கதவைச் சாத்துவதாக விழுகிறது. மேலே தெஹிவளை அக்காவிடம் நான் விட்ட பிழையும் அதுதான்.

சொல்லைப் பற்றி வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'உங்களோட பேச வேணும்' என்று யாழ்ப்பாணத்து ஆளிடம் சொன்னால் ஒரு கணம் திடுக்கிடுவார், அங்கே 'பேசுறது' என்றால் ஏசுவது. தாத்தா என்ற சொல்லோ இன்னும் மோசம். முஸ்லிம் நண்பருக்கு அது அக்கா, சிங்கள நண்பருக்கு அப்பா, மலையகத்து நண்பருக்கு அப்பாவின் அப்பா. மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்து 'நேற்று தாத்தா வீட்டுக்கு வந்தாங்க' என்று ஒருவர் சொன்னால் மூன்று படம் ஓடும். இந்தக் குழப்பங்களுக்கு வெட்கப்படாமல் விளக்கம் கேளுங்கள், அரை மணி நேரம் போவது தெரியாது. முறை வைத்துக் கூப்பிடுவதில் மட்டும் கொஞ்சம் கவனம். வயதில் மூத்தவரை அண்ணா, அக்கா என்பது சரி. முஸ்லிம் கடைக்காரரை நானா என்றால் மகிழ்வார். கூட வேலை செய்யும் உங்கள் வயதுப் பெண்ணைத் தங்கச்சி என்று கூப்பிடாதீர்கள். பெயரும் 'நீங்க'வும் போதும்.

மௌனத்தைக் கண்டு பயப்படுகிறீர்கள் என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது, ஃபோனை எடுப்பது அதற்குத்தான். 2009இல் பத்து மொழிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஒருவர் கேட்டு மற்றவர் பதில் சொல்வதற்கு இடையில் சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே போகிறது என்று கண்டார்கள். ஜப்பானியர் இன்னும் வேகம், டென்மார்க்காரர் கொஞ்சம் தாமதம், ஆனால் வித்தியாசம் அரை வினாடிக்குள். இவ்வளவு வேகமாக ஓடுவதால்தான் இரண்டு மூன்று வினாடி நின்றாலே நமக்குக் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இருக்கிறது. நான் பிள்ளைகளுக்குப் பழக்கியது, பதில் முடிந்ததும் மனத்துக்குள் மூன்று எண்ணு என்று. பாதிப் பேர் அந்த மூன்றுக்குள், "இல்ல, உண்மையில என்னெண்டா..." என்று மறுபடி தொடங்குவார்கள். அந்த 'உண்மையில'க்குப் பிறகு வருவதுதான் விஷயம். சிங்களம் பேசும் ஒருவர் உங்களுக்காகத் தமிழில் கஷ்டப்பட்டுச் சொல்லும்போது ஐந்து எண்ணுங்கள். அவர் சொல் தேடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அடுத்த முறை முயற்சி செய்ய மாட்டார்.

வெயில், மழை, பஸ் நெரிசல் என்று தொடங்குவது வெறும் அலட்டல் என்று பலர் நினைக்கிறார்கள். அலட்டல்தான். ஆனால் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் பசிபிக் தீவுகளில் இருந்து பார்த்துவிட்டு 1923இல் இதைப் பற்றி எழுதினார்: இப்படிப்பட்ட பேச்சில் செய்தி எதுவும் இல்லை, ஆளோடு ஆளைக் கட்டுவதே அதன் வேலை. வெள்ளவத்தையில் நின்று 'சரியான வெக்கை' என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்குத் தெரியாத விஷயமா அது? நான் உன்னோடு கதைக்கத் தயார் என்பதுதான் அதன் அர்த்தம். இரண்டு வரி சொல்லிவிட்டு நகர வேண்டும், அவ்வளவுதான். கடற்காற்றில் துருப்பிடித்த ஃபிரிட்ஜ் கதைக்குப் போகலாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்குப் போகலாம். யாழ்ப்பாணத்தார் தலையில் வைத்துக் கொண்டாடும் மாம்பழத்துக்கு ஏன் கொழும்பின் பெயர் என்று கேட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கியிருக்கலாம், மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கிரிக்கெட் எனக்குத் தெரியாது, அதை விட்டுவிடுகிறேன்.

பஸ்ஸில், ரயிலில் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கலாமா என்றால், 2014இல் சிகாகோவில் ஓர் ஆய்வு செய்தார்கள். வேலைக்குப் போகும் பயணிகளில் சிலரைப் பக்கத்து ஆளோடு கதைக்கச் சொன்னார்கள், சிலரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். கதைத்தவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது, எப்படி இருக்கும் என்று ஊகிக்க மட்டும் சொல்லப்பட்ட வேறு பயணிகள் அதற்கு மாறாகத்தான் நினைத்திருந்தும். ஆனால் சிகாகோ ரயிலில் அவர்களுக்கு இருக்க இடம் கிடைத்திருக்கும். காலையில் கோட்டைக்குப் போகும் கடலோர ரயிலில் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு யாரிடமும் மாம்பழம் பற்றிக் கேட்காதீர்கள். தனியாகப் போகும் பெண்ணிடம் எந்த ரயிலிலும் கேட்காதீர்கள். காதில் இயர்ஃபோன் இருந்தால் அதுவே பதில்.

கதைத்து முடிந்தபின் வீட்டுக்கு வந்து, 'நான் அலட்டிப்போட்டன், அவர் என்ன நினைச்சிருப்பாரோ' என்று படுக்கையில் புரள்வீர்கள். நானும் புரண்டிருக்கிறேன். புதிதாகச் சந்தித்த இருவரைக் கதைக்க விட்டு, பிறகு தனித்தனியாகக் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. மற்றவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்று ஆட்கள் நினைத்ததைவிட, உண்மையில் அதிகமாகவே பிடித்திருந்தது. உங்கள் போர்டிங்கில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரும் இந்த நேரம் அப்படித்தான் புரண்டுகொண்டிருக்கிறாரோ என்னவோ.

எப்போது முடிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுவும் இதோடு சேர்ந்தது. 2021இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் நூற்றுக்கு இரண்டு அளவுதான். மற்றதெல்லாம் யாரோ ஒருவருக்கு நீண்டுவிட்டது, அல்லது போதாமல் போய்விட்டது. ஆகவே உரிய நேரம் எது என்று கணக்குப் பார்த்து மினக்கெட வேண்டாம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, "அப்ப சரி, போயிட்டு வாறன், அந்த மதில் கதை மிச்சம் இருக்கு, அடுத்த முறை சொல்ல வேணும்" என்று எழும்புங்கள். அடுத்த முறை அவரைக் கண்டால் தொடங்க ஒரு இடம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் கலியாணத்துக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். மண்டபத்தில் தாலி கட்டும் வரை யாரும் யாருடனும் ஒழுங்காகக் கதைக்க முடியாது, மேளச் சத்தம். சாப்பாட்டு மேசையில் இருபக்கமும் ஆள் மாட்டிக்கொள்ளும், கதை வராவிட்டால் ஐஸ்கிறீம் வரும்வரை தப்ப முடியாது. நல்ல இடம் கைகழுவும் வரிசை. இரண்டு நிமிடம்தான், தண்ணீர்க் குழாயில் ஒன்று எப்படியும் வேலை செய்யாது, அதுவே முதல் வரி. கை கழுவியதும் இரண்டு பேரும் மரியாதையாகப் பிரிந்துவிடலாம். கதை நன்றாக வந்தால் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் எந்த மேசை என்று கேட்பார்.